டிராயரில் இருந்த டப்பா

...இல்லை, ஒளித்துத்தான் வைத்திருக்கிறார், கார் சாவி போடும் டிராயரில், பழைய கண்ணாடிக் கூட்டுக்குப் பின்னால், மறந்து வைக்கிறவர் அங்கேயா வைப்பார், கோ-என்சைம் க்யூ டென் கேப்ஸ்யூல், பாதி டப்பா காலி. இருபத்திரண்டு வருஷமாக மருந்துக் கடை கவுண்டரில் நிற்கிறேன், என் வீட்டுக்காரர் மாத்திரை வாங்க இன்னொரு கடைக்குப் போகிறார் என்றால் என்ன அர்த்தம்? எனக்குத் தெரியக்கூடாது என்று அர்த்தம். இதை வாங்க வருகிற ஆம்பளைகளை எனக்குத் தெரியாதா, தலைக்குச் சாயம் அடித்து, குரலைத் தாழ்த்தி, "வயசே தெரியாதாமே மேடம்" என்பார்கள், உடம்பே தயாரிக்கிற சரக்குதான் சார், வயசானால் குறையும், சிலருக்குக் கொஞ்சம் தெம்பு வரலாம், இளமையெல்லாம் திரும்பாது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஐம்பத்தெட்டு வயதில் இவர் யாரிடம் வயசை மறைக்கிறார்? கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற வேலை, பக்கத்து சீட்டில் நாளெல்லாம் பெண்கள்... நெருப்பில்லாமல் புகையுமா.

"மாமாவையா சந்தேகப்படுற, உனக்கென்ன பைத்தியமாக்கா?" என்று தங்கை போனில் சிரித்தாள், சிரிப்பாள், அவள் வீட்டிலா நடக்கிறது. திடீரென்று புது ஷூ எதற்கு, பழசு கடிக்கிறதாம். ஒரு மாதமாக ஹால் சோபாவில் சாய்ந்தபடி தூக்கம், என் குறட்டை தாங்கவில்லையாம், முப்பது வருஷமாகத் தாங்கியது இப்போதுதான் காதில் விழுந்ததோ? சேர்ந்து நடந்தால் கடைக்குக் கடை கண்ணாடி முன்னால் நின்றுவிடுகிறார், முகம் பார்க்கிறார், பெரிய மன்மதன். நானும் நிற்காமல் நடந்துவிடுவேன், வரட்டும்.

"தெம்புக்கு ஒரு கேப்ஸ்யூல் இருக்காமேம்மா, ரொம்ப அசதியா இருக்கு." கவுண்டரில் ஒரு பெரியவர், எங்கேயோ லிப்ட் ஆபரேட்டராம். அசதி என்று வந்தால் சில கேள்விகள் கேட்காமல் நான் எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை, கை அலமாரிக்குப் போகும்போதே வாய் தானாகக் கேட்கும். "கால் வீங்குதாய்யா?" "சாயங்காலமானா செருப்புக்குள்ள கால் போகலம்மா." "நேரா படுத்தா மூச்சு முட்டுதா?" "உக்காந்தேதான் தூங்குறேன்." "நடந்தா நடுவுல நின்னு..." வாய் நின்றுவிட்டது. ஷூ. சோபா. கடைக் கண்ணாடி. ஐயோ.

"இது கேப்ஸ்யூல்ல போற விஷயம் இல்லைய்யா, இன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க, இதயத்தப் பாக்கச் சொல்லுங்க" என்று அனுப்பினேன், முன்பின் தெரியாத மனுஷனுக்கு இவ்வளவு அக்கறை. போன மாதமோ அதற்கு முந்தின மாதமோ என் வீட்டுக்காரரும் இதே இடத்தில் வந்து நின்றார், "ஒரே அசதியா இருக்கு" என்றார், "வயசாச்சு, வேற என்ன, தள்ளி நில்லுங்க, ஆளுங்க நிக்கிறாங்க" என்றேன், பில்லிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை, அவரும் தள்ளி நின்றார், அப்புறம் எப்போது போனார் என்று தெரியாது. யாரோ ஒரு கடைக்காரன் அவரிடம் என்ன கேட்டானோ, ஒன்றும் கேட்காமல் டப்பாவை எடுத்து நீட்டினானோ. போன் போட்டேன், எங்கே இருக்கீங்க என்றுதான் முதலில் வந்தது, எப்போதும் கேட்கிற கேள்வி.

"வண்டியிலதான், தனியாத்தான் இருக்கேன், வேணும்னா வீடியோ போடு" என்றார், அலுப்பாக. நான் அதற்குக் கேட்கவில்லையே... என் சந்தேகம் அவருக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்.

"மூச்சு வாங்குதாங்க?"

"யார் சொன்னா உனக்கு?" என்றார்.