ஒரு முழுப் பிளாஸ்திரி

என் வீட்டுக்காரருக்கு அள்ளிக் கொடுக்கும் கை. கொடுப்பதற்கு முன்னால் மூளையை ஒரு வார்த்தை கேட்கும் பழக்கம் மட்டும் அந்தக் கைக்குக் கிடையாது.

பெயர் வரதன். தண்டையார்பேட்டை குடோன்களில் முப்பத்திரண்டு வருடம் மூட்டை தூக்கியவர். இப்போது புற்றுநோய் முதுகெலும்பு வரை போய்விட்டது. வலி மாத்திரைகள் எல்லாம் கைவிட்ட பிறகு, போன தை மாதம் ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒட்டும் பிளாஸ்திரி கொடுத்தார்கள். மருந்து தோல் வழியாகவே உள்ளே இறங்கும். மூன்று நாளைக்கு ஒன்று. அது வந்த பிறகுதான் அவர் தூங்கினார், நானும் தூங்கினேன்.

அதைக் கொடுத்த நர்ஸ் நவ்ரீன் பார்க்கச் சின்னப் பெண், கண்டிப்பில் மாமியார். "வெட்டக் கூடாது. அதுமேல சூடு படக் கூடாது. பழச மடிச்சு எங்கிட்டயே திருப்பித் தரணும். வேற யாராவது ஒட்டிக்கிட்டா மூச்சே நின்னுடும், புரியுதா?" என்றாள். இவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். பூம்பூம் மாடு தோற்றுப்போகும்.

சித்திரை மாதம், ஒரு புதன்கிழமை. பதினோரு மணிக்கு உடம்பு துடைத்துவிட பனியனைக் கழற்றினேன். நெஞ்சு வெறுமையாக இருந்தது. முந்தின நாள் காலையில்தான் புதிதாக ஒட்டியிருந்தேன்.

"பிளாஸ்திரி எங்கய்யா?"

"எங்கனா வுழுந்திருக்கும்."

பக்கத்து வீட்டுக் குழந்தை தவழ்ந்து வந்து போகிற வீடு இது. பாயை உதறினேன், தலையணை உறையைக் கழற்றினேன், குளிக்கிற இடத்தில் சாக்கடை வாய் வரைக்கும் கையை விட்டுப் பார்த்தேன். திரும்பி வந்தபோது அவர் நெற்றியெல்லாம் வியர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலி திரும்பியிருந்தது.

"தேடாத செல்வி," என்றார். "சாலமனுக்குக் குடுத்துட்டேன்."

சாலமன் அவருடைய ஜோடி. குடோனில் ஆட்கள் இரண்டிரண்டு பேராகத்தான் வேலை செய்வார்கள். ஒருவர் முதுகில் மூட்டையை ஏற்றிவிடுவது மற்றவர். ஜோடிக்கு முதுகு பிடித்துக்கொண்டால் தன் வேலையும் கெடும். அதனால் சாயங்காலம் கடையில் சாதாரண வலிப் பிளாஸ்திரி ஒன்று வாங்கி, பாதியாக வெட்டி, ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்கள். இவர் படுத்துவிட்டார். அறுபது வயதில் சாலமன் அண்ணன் இன்னும் தூக்குகிறார். முந்தின நாள் சாயங்காலம் நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது பார்க்க வந்திருக்கிறார்.

"குனிய முடியல மச்சான்னான். பார்க்கப் பேஜாரா இருந்துச்சி. பாதியா வெட்டிக் குடுக்கலாம்னு பார்த்தேன். வெட்டக் கூடாதுன்னு அந்த நர்ஸ் பொண்ணு சொல்லிச்சே, அதான் முழுசா குடுத்தேன்."

அவள் சொன்னதிலேயே அந்த ஒன்றைத்தான் இவர் காதில் வாங்கியிருக்கிறார். வந்த கோபத்துக்கு அந்த உடம்பைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அதற்கு நேரமில்லை.

சாலமன் அண்ணன் போனை எடுக்கவில்லை. குடோன் மேஸ்திரி உபைதுல்லாவைக் கூப்பிட்டேன்.

"மூட்டை மேல சாஞ்சி நல்லா தூங்கிகினுகீறாரு அக்கா. கொறட்டை கூட வுடறாரு. பாவம், தூங்கட்டும்னு வுட்டுட்டேன்."

"எழுப்புய்யா! முதுகுல ஒட்டியிருக்கறத பிச்சி எடு. நூத்தியெட்டுக்குப் போன் போடு!"

இவருக்கு வேறொரு பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு, அதன் காலி உறையோடு ஆட்டோவில் ஏறினேன். கன்டெய்னர் லாரிகள் வழியை அடைத்து நின்றன. கடைசி இரண்டு தெருவை ஓடியே கடந்தேன். தகரக் கூரைக்குக் கீழே குடோன் அடுப்பாகக் கொதித்தது. சாலமன் அண்ணனின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நான் ஏசுவையும் கூப்பிட்டேன், எல்லையம்மனையும் கூப்பிட்டேன். உபைதுல்லா பிளாஸ்திரியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, அவர் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வந்ததும் அவர்களிடம் உறையைக் காட்டினேன்.

ஆஸ்பத்திரியில் அந்த மருந்தை முறிக்கும் ஊசி போட்டார்கள். மருந்து தோலுக்கடியில் இன்னும் தங்கியிருக்கும், மறுபடி மயங்கலாம் என்று பக்கத்திலேயே இருந்து பார்த்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் அவர் தெளிவாகக் கண் திறந்தார். போன உயிர் எனக்கும் திரும்பி வந்தது. உயிர் வந்ததும் கோபமும் வந்தது. இரண்டு கிழங்களுக்கும் சேர்த்து ஒரு மூட்டை திட்டு தயாராக வைத்திருந்தேன்.

நான் வாயைத் திறக்கும் முன் டாக்டரம்மா வந்துவிட்டார். எத்தனை நாளாக முதுகு வலி என்று கேட்டார்.

"இருக்கும்மா, ஒரு இருபத்தஞ்சு வருசம்."

"இருபத்தஞ்சு வருஷமா? யார்கிட்டயும் காட்டலையா?"

சாலமன் அண்ணனுக்குக் கேள்வியே புரியவில்லை. "வரதன்கிட்ட காட்டிகினுதாம்மா இருந்தேன்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "காலைல எழுந்தப்போ வலியே இல்ல தங்கச்சி. நானா இதுன்னு ஆயிடுச்சி. அவனுக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும்னு நெனச்சிகினே வேலைக்குப் போனேன்," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. திட்டு மூட்டையை அப்படியே இறக்கி வைத்தேன்.

"இவருக்கும் முதுகைப் பார்க்க ஒரு சீட்டு எழுதிக் குடுங்கம்மா," என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "கூட யார் வருவீங்க?" என்றார். நான் வருகிறேன் என்றேன்.