கொடுத்தனுப்பிய பாட்டில்

"அக்கா உனக்குக் குடுத்துவிட்டா" என்று ஒரு காகிதப் பையைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்த கையோடு, என் கணவர் குளிக்கப் போய்விட்டார்.

பைக்குள் வாய் கொப்பளிக்கும் மருந்து ஒரு பாட்டில், நாக்கு வழிக்கும் கம்பி, பல்லிடுக்கில் விட்டு இழுக்கும் நூல், மிருதுவான பிரஷ் ஒன்று. என் நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுபவர், பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர். வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுத்து உட்கார வைக்கும் வேலைதான். ஆனால் ஊரிலுள்ள வாய்க்கெல்லாம் தானே பொறுப்பு என்பதுபோலப் பேசுவார்.

குளியலறைக் கதவருகே போய் நின்றேன். "எனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"எனக்கென்ன தெரியும்? உனக்குத் தேவைப்படும்னு சொன்னா."

"தேவைப்படும்னா? என் வாய் நாறுதாமா?"

குழாயைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு தண்ணீர் விழும் சத்தம்தான்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாததை நான் பதிலாக எடுத்துக்கொண்டேன். அண்ணி அப்படிச் செய்யக்கூடியவர் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வந்ததும் வராததுமாக என் ஃபிரிட்ஜைத் திறந்து மோந்து பார்க்கிறவர், என் வாயையும் மோந்து பார்த்திருக்க மாட்டாரா? பிடிக்காதவர்களைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்பத் தயாராக இருக்கிறோம். அவர்கள் நம்மைப் பற்றிச் சொன்னதாக யாராவது சொன்னால், அதையும் சேர்த்து நம்பிவிடுகிறோம்.

படுக்கையில் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு வாடை இருந்தது உண்மை. ஈரத்துணியை மடித்து வைத்துவிட்டு மறந்ததுபோன்ற வாடை. எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்ததில்லை. அந்தப் பை வந்த பிறகு அது என்னுடையதாகிவிட்டது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதற்கும் காரணம் கிடைத்துவிட்டது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. தயாராகி வரும் கண்ணாடியை, உரியவரை நாற்காலியில் உட்கார வைத்து மாட்டிப் பார்க்க வேண்டும். காதுக்குப் பின்னால் வளையும் இடத்தைச் சூடு காட்டி வளைத்து, மூக்கில் பதியும் இடத்தைச் சரிசெய்து அனுப்ப வேண்டும். ஒரு சாண் தூரத்தில் இன்னொரு முகம் இருக்கும். முன்பின் தெரியாதவர்கள் குழந்தைபோல முகத்தை நீட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த நாற்காலிக்கு முன்னால் நிற்கும்போதுதான் நான் எதற்கோ லாயக்கானவள் என்று எனக்குத் தோன்றும்.

பை வந்த பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்ட ஆரம்பித்தேன். முகத்தைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டினேன். பருமனான ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஏம்மா, எங்கயோ பாத்துக்கிட்டு மாட்டுனா எப்படி? என்மேல நாத்தம் அடிக்குதா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல சார்."

"அப்புறம் என்ன? காலைல குளிச்சிட்டுத்தான் வந்தேன். வேணும்னா என் பொண்டாட்டிக்குப் போன் போட்டுக் கேளுங்க."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிக்க வாயைத் திறக்க முடியவில்லை. அன்று மாலையே முதலாளியிடம் போய், பின்னறையில் வேலை கொடுங்கள் என்றேன். அவர் ஏன் என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, புதிதாகச் சேர்ந்த பெண்ணை நாற்காலிக்கு அனுப்பினார். நான் லென்ஸ் துடைத்து உறையில் போடும் மேசைக்குப் போனேன். கோணலாக மாட்டிவிட்டு "சூப்பரா இருக்கு சார்" என்று அவள் சொல்வது எனக்குக் கேட்கும்.

அண்ணியின் பாட்டில் காலியானதும் நானே மருந்துக் கடைக்குப் போனேன். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம் என நினைத்து, இருப்பதிலேயே காட்டமானதைக் கேட்டு வாங்கினேன். கரி கலந்த பேஸ்ட்டும் தரையைத் தேய்க்கலாம் போலிருந்த கெட்டி பிரஷ்ஷும் வாங்கினேன். ஒவ்வொரு முறை கொப்பளிக்கும்போதும் கண்ணில் தண்ணீர் வரும். அண்ணியைத் திட்டிக்கொண்டே துப்புவேன். கன்னத்தின் உட்பக்கம் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்தது. ஒருநாள் என் கணவர் கதவோரம் நின்று பார்த்தார். "நாக்கையும் நல்லா வழி" என்றார்.

ஒரு விடுமுறை நாளில் அண்ணி சாப்பிட வந்தார். பரிமாறும்போது வாயை மூடிக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் பொறுக்க முடியவில்லை.

"நீங்க குடுத்த பாட்டில் தீந்துபோச்சு அண்ணி. இன்னொண்ணு கொண்டு வந்திருக்கலாமே."

"தீந்துபோச்சா?" அண்ணி தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "இவன் தொட்ட மாதிரியே தெரியலையே. கிட்ட உக்கார முடியல. டேய், ஆ காட்டு."

"சும்மா இரு அக்கா. சாப்பிடுற நேரத்துல."

"ஈறெல்லாம் வீங்கி ரத்தம் வருது, வந்து டாக்டரப் பாருடான்னா ஓடி ஒளியிற. சரி, வீட்லயாவது ஒழுங்கா தேய்க்கட்டும்னு பாத்துப் பாத்து வாங்கிக் குடுத்தா, அதயும் தொடல. அப்ப யாரு காலி பண்ணது?"

என் கையில் கரண்டி இருந்தது. அதைப் பாத்திரத்தில் வைத்தேன்.

"நான்தான்" என்றேன்.

அண்ணி என் பக்கத்தில் வந்து, கேட்காமலேயே என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, வாயைத் திறந்து பார்த்தார். "இது என்ன இப்படி வெந்து கெடக்கு? நான் குடுத்தது எரியாத மருந்தாச்சே."

"அப்புறமா நானே வாங்கினேன். கரி பேஸ்ட்டும்."

"கரியா? பல்லத் தேய்க்கிறியா, பாத்திரம் தேய்க்கிறியா? சாதாரண பேஸ்ட், மெத்துனு ஒரு பிரஷ், அந்த நூலு. அது போதும் யாருக்கும். உனக்கு யாரு இதெல்லாம் சொன்னது?"

"நீங்கதான் எனக்குக் குடுத்துவிட்டதா இவர் சொன்னார்."

அண்ணி கையை எடுத்துவிட்டார். "நான் அப்படிக் குடுத்துவிடுவேன்னு நீயும் நம்பிட்ட? ஒரு போன் போட்டுக் கேக்கல. என்னப் பத்தி அவ்வளவுதான் உன் நெனப்பு, இல்ல?"

"அவ்வளவுதான் அண்ணி."

"நல்லா இருங்க ரெண்டு பேரும்." அவர் பாதிச் சாப்பாட்டில் கிளம்பிவிட்டார். நான் தடுக்கவில்லை.

என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு பேச்சுக்குச் சொன்னது. வாய் சுத்தமா இருந்தா உனக்கும் நல்லதுதான? இதுல என்ன குடிமுழுகிப் போச்சு?"

நாற்காலி போனது அவருக்குத் தெரியும். அன்றே சொல்லியிருந்தேன். "பின்னாடின்னா உக்காந்துக்கிட்டே வேலை பாக்கலாம்ல" என்று சொல்லிவிட்டு டிவி பார்த்தவர் அவர். இப்போது நான் அவர் பக்கத்தில் போய், கடையில் நிற்கும் அதே தூரத்தில் நின்றேன். மூச்சைப் பிடிக்கவில்லை. அந்த ஈரத்துணி வாடை வந்தது. இத்தனை நாள் நான் சுமந்துகொண்டு திரிந்த வாடை.

மறுநாள் கடை திறந்ததும் முதலாளியிடம், எனக்கு நாற்காலி திரும்ப வேண்டும் என்றேன்.

"நீயா வந்து வேணாம்ன, இப்ப நீயா வந்து வேணுங்கிற. வெளையாட்டா? அந்தப் பொண்ணு இப்பத்தான் பழகியிருக்கா. காரணம் சொல்லு."

தலைவலி என்று சொல்லியிருக்கலாம். கண்ணாடி வாங்க இரண்டு பேர் காத்திருந்தார்கள். புதுப்பெண் கையில் ஸ்குரூ டிரைவரோடு என்னையே பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு வாய் நாறுது சார். அதை என் வாய்னு சொல்லிட்டார். நான் நம்பிட்டேன். அதான் பின்னாடி போனேன்."

புதுப்பெண் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டாள். முதலாளி தலையைச் சொறிந்தார். "காலைல நீ நில்லு, சாயங்காலம் அவ நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவசரமாக உள்ளே போய்விட்டார். பாதிதான் கிடைத்தது.

கடைத்தெருவில் பேச்சு எவ்வளவு வேகமாகப் போகும் என்பது எனக்குத் தெரியும். மாலையில் என் கணவர் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"கடையில போய்ச் சொன்னியா?"

"சொன்னேன்."

"யார்கிட்டெல்லாம்?"

"அங்க இருந்தவங்ககிட்டெல்லாம்."

"இனி நான் எப்படி நாலு பேர் முன்னாடி நின்னு பேசுவேன்?" என்று கேட்டார். கேட்கும்போது அவர் கை தானாக மேலே போய் வாயை மறைத்துக்கொண்டது.

கையை எடுங்கள் என்று நான் சொல்லவில்லை.