யாரால்

முதல் ஷிப்டு முடிந்து வெளியே வந்த செந்தாமரையைச் செக்யூரிட்டி நிறுத்தி, எச்.ஆர். அறைக்குப் போகச் சொன்னார். மணி மூன்றாகப் போகிறது. காலை ஆறரையிலிருந்து நின்ற கால்கள் ஷூவுக்குள் வீங்கிக் கிடந்தன. வல்லக்கோட்டைப் பக்கம் போகும் கம்பெனி பஸ் இன்னும் கால் மணி நேரத்தில் கிளம்பிவிடும். எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமை நாலாம் நம்பர் பிரஸ் மெஷினில் அந்தோணிராஜின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அடுத்த மேசையில் பீஸ் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

எச்.ஆர். அறையில் இருந்த மணிகண்டபிரபு நல்ல பையன். புதிதாகச் சேர்ந்தவன், எல்லோரையும் அக்கா என்பான். நாற்காலியைக் காட்டினான். ஒரு தாளையும் பேனாவையும் நகர்த்தி வைத்தான்.

"சும்மா ஃபார்மாலிட்டிதான்க்கா. சாட்சின்னு உங்க பேரு போட்டிருக்கு. கையெழுத்து போட்டுட்டு கிளம்புங்க, பஸ்ஸ விட்டுறாதீங்க."

மூன்று வருஷம் முன்பாக இருந்தால் போட்டிருப்பாள். இப்போது அவள் தபால் வழியில் பி.ஏ. இங்கிலீஷ் படிக்கிறாள். லைன் லீடர் ஆக வேண்டுமென்றால் ரிப்போர்ட் எழுதத் தெரிய வேண்டும் என்று சொன்னார்கள். அதற்காக முப்பத்தெட்டு வயதில், பஸ்ஸின் குலுங்கலில், தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் பாடப் புத்தகத்தைப் பிரிக்கிறாள். போன மாதம் முழுக்க ஒரே பாடத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். who, which எல்லாவற்றையும், கூடவே is, was என்பதையும் தூக்கிப் போட்டுவிட்டு வாக்கியத்தைச் சுருக்குவது. முதலில் சுலபமாகத்தான் இருந்தது. The woman standing near the gate என்றால் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற பெண். நாமும் அப்படித்தானே சொல்கிறோம், நடுவில் 'யார்' எங்கே வருகிறது. சிக்கல் அப்புறம் வந்தது. தமிழில் கழட்டின ஆள் என்றும் சொல்லலாம், கழட்டின கவர் என்றும் சொல்லலாம். ஒரே 'கழட்டின' இரண்டுக்கும் போதும். இங்கிலீஷில் அது நடக்காது. செய்கிறவனுக்கு removing, செய்யப்பட்ட பொருளுக்கு removed. மாற்றிப் போட்டு மாற்றிப் போட்டுப் பயிற்சித் தாள் முழுக்கத் தப்பாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை துவைத்த துணியைப் பிழிந்துகொண்டிருக்கும்போதுதான் அது சட்டென்று பிடிபட்டது.

தாளில் ஐந்தாறு வரிகள். மூன்றாவது வரியில் அவள் விரல் நின்றது.

The operator removing the cover was injured.

"சார், இது அந்தோணிராஜு கவரக் கழட்டிகினு இருந்தப்ப அடிபட்டான்னு கீது."

"ஆமா, சேஃப்டி கவர் இல்லாமதானே அடிபட்டுச்சு."

"இல்லாம போனது வேற, அவன் கழட்டுனது வேற சார். காலைல மெயின்டனன்ஸ் ஆளுங்க ரெண்டு பேரு வந்து கழட்டுனாங்க. திருப்பி மாட்டாம டீக்குப் போய்ட்டாங்க. டார்கெட் கொறையுது, மெஷின ஓட்டுன்னு சூப்பர்வைசர் சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன்."

மணிகண்டபிரபு தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தான். அவன் முகத்தில் கள்ளம் இல்லை. யாரோ சொன்னதை டைப் அடித்த களைப்புதான் இருந்தது. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். பிரின்டர் முனகி வேறொரு தாளைத் தள்ளியது.

The operator injured on Monday was using a machine with a cover removed earlier.

இலக்கணம் சரி. அடிபட்ட ஆபரேட்டர், முன்பே கழட்டப்பட்ட கவர். அவள் இரண்டு முறை படித்தாள். அந்தோணிராஜ் கழட்டினான் என்று இதில் இல்லை. கழட்டவில்லை என்றும் இல்லை. கவர் தானாகவே முன்பொரு காலத்தில் கழன்று நின்றது போல இருந்தது. வெளியே பஸ் ஹாரன் கேட்டது. இதுவே போதும் என்று எழுந்துவிடலாம். கால்கள் அதைத்தான் கேட்டன.

"யாரால கழட்டப்பட்டதுன்னு இல்லியே சார்."

"அக்கா, அதெல்லாம் நாம எழுத முடியாது. மேல கேப்பாங்க."

"பாத்தவ நான்தான சார். நானே எழுதுறேன்."

பேனாவை எடுத்தாள். earlier என்ற சொல்லுக்குப் பின்னால், வரிக்கு மேலே நெருக்கி, by maintenance staff என்று எழுதினாள். இடம் போதாமல் கடைசிச் சொல் சாய்ந்துபோனது. கீழே கையெழுத்தும் தேதியும் போட்டாள். அவன் தாளை வாங்கி ஒரு ஃபைலுக்குள் வைத்தான்.

"இத திரும்ப டைப் பண்ணித்தான் அனுப்பணும். நீங்க போங்க."

திரும்ப டைப் செய்யும்போது அந்த மூன்று சொற்கள் இருக்குமா என்று அவள் கேட்கவில்லை. போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள போனும் கையில் இல்லை. காலையில் உள்ளே வரும்போதே அதைக் கேட்டில் கொடுத்து டோக்கன் வாங்கியிருந்தாள். பஸ் போய்விட்டிருந்தது.

ஷேர் ஆட்டோ பிடித்து, அந்தோணிராஜ் தங்கியிருந்த இருங்காட்டுக்கோட்டைக்குப் போனாள். ஐந்து பேர் தங்கும் மாடி அறை. மற்ற நால்வரும் இரண்டாம் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். அந்தோணிராஜ் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தான். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், இருபத்தாறு வயது. காண்ட்ராக்ட் ஆள். தப்பு தன்னுடையது என்று தாளில் ஏறிவிட்டால், இந்த ரோட்டில் எந்தக் கேட்டிலும் தன்னை உள்ளே விடமாட்டார்கள் என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அவளிடம் சொன்னவன் அவன்தான்.

"யக்கா, ஏதும் கேட்டாவளா?"

பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். அவன் கவனமாகக் கேட்டான். இங்கிலீஷ் வரிகளை ஒரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டான்.

"அப்போ நா கழட்டலன்னு ஆயிட்டுல்லா?"

"நான் எழுதிக் குடுத்துகீறேன்பா. அது மேல போவுதான்னு தெரில."

அவன் தலையாட்டினான். பிறகு, வந்தவளுக்கு எதுவும் கொடுக்கவில்லையே என்று நினைத்தவன் போல, தண்ணீர் எடுக்க எழுந்தான். அவள் வேண்டாம் என்றாள். மொட்டைமாடிப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

கொடியில் ஐந்து நீலச் சட்டைகள் வரிசையாக, ஒரே அளவில், ஒரே நிறத்தில் காய்ந்துகொண்டிருந்தன. மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று போனவன், இடது கையால் முதல் சட்டையின் கிளிப்பை அமுக்கினான். அது வழுக்கியது. மறுபடி அமுக்கினான். செந்தாமரை எழுந்து நிற்கப் பார்த்தாள், கால் மரத்திருந்தது. காற்றில் சட்டைகள் உப்பி அவன் முகத்தில் அடித்தன. அவன் அவற்றை விலக்கிக்கொண்டே கிளிப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.