‘மெஷின் ரோசாக்’ என்னும் பொத்தான்

1

இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பிறந்தது. என் மனைவி லெட்சுமிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள், ஹஸ்ருல் ஓட்டும் மையத்து வேன் எங்களைப் பினாங்கின் பாலிக் புலாவில் ஏற்றி, சூலியா தெருவுக்குப் பின்னால் இருக்கும் டயாலிசிஸ் மையத்தில் இறக்கிவிடும். அவள் உள்ளே மெஷினோடு படுத்திருப்பாள். நான் வெளியே உட்கார்ந்து எதையாவது எழுதுவேன். எதிரே அலுவலகப் பெண் பிரமிளாவின் மேசை. எழுத ஒன்றும் கிடைக்காத நாளில் எதிரே இருப்பவர்தான் மாட்டுவார்.

2

முதல் தொடக்கம்: “பினாங்குப் பாலத்தின் மேல் மழை திரண்டுகொண்டிருந்த ஒரு மாலையில், பிரமிளா என்னும்...”

(அடித்துவிட்டேன். வேலை பார்க்கிற பெண்ணுக்கு மழை எதற்கு?)

இரண்டாவது: “இயந்திரங்கள் மனிதனின் வேலையைப் பறிக்கும் இக்காலத்தில்...”

(இதையும். இங்கே யாரும் பறிக்கவில்லை. அவளே தூக்கிக் கொடுக்கிறாள்.)

நேரே சொல்லிவிடுகிறேன். மையத்தில் ஒரு மெஷின் பழுதானால், அதில் படுக்க வேண்டியவர்களை வேறு மெஷினுக்கும் வேறு நேரத்துக்கும் மாற்ற வேண்டும். எல்லோருக்கும் செய்தி போக வேண்டும். வேன் போகும் வழியும் மாற வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனாலும், அந்த ஆள் உடம்பில் தேங்கிய நீரோடு வீட்டு வாசலில் காத்துக் கிடப்பார். தலைமைத் தாதி தெரேசா காலை முழுக்கப் போனில் கத்திச் செய்துவந்த இந்த வேலையை, பிரமிளா தன் மடிக்கணினியில் சில ஸ்கிரிப்டுகள்* எழுதி, காப்பி ஆறுவதற்குள் முடித்துவிடுவாள். இப்போது அவளுக்கு நிறைமாதம். நாளை முதல் விடுப்பு.

* கணினிக்கு எழுதிக்கொடுக்கும் கட்டளைகள். ‘இதைச் செய், அப்புறம் அதைச் செய்.’ புருஷன்மார்களுக்கும் இப்படி எழுதிக்கொடுத்தால் தேவலை என்கிறாள் லெட்சுமி.

3

ஒரு சந்தேகம். பிரமிளாவை இவ்வளவு நல்லவளாக எழுதினால் நீங்கள் நம்புவீர்களா? குறை தேடினேன். யார் டப்பாவில் பலகாரம் இருந்தாலும் கேட்காமல் எடுத்துத் தின்பாள். அவ்வளவுதான் கிடைத்தது.

ஸ்கிரிப்ட் ஓடும் கறுப்புத் திரையைக் கண்டால் தெரேசாவுக்குப் பயம். ஆகவே பிரமிளா எல்லா ஸ்கிரிப்டுகளையும் ஒரே செயலிக்குள் போட்டு மூடினாள். வெளியே மூன்றே பொத்தான்கள்: ‘மெஷின் ரோசாக்’, ‘வேன் லேட்’, ‘ஆள் வரல’. பழுதானதை ரோசாக் என்றுதான் தெரேசா சொல்வார். அவர் வாயில் வருவதே பொத்தானின் பெயர். ஸ்கிரிப்டுகள் ஓடுவதற்கு வேண்டியதையும் உள்ளேயே வைத்துவிட்டாள், கட்டுச்சோற்றோடு இலையையும் சேர்த்துக் கட்டுவதுபோல. எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. செயலி பட்டியலைப் போட்டுவிட்டு, செய்திகளை அனுப்பாமல் நிற்கும். “சிஸ்டர், பாத்தாச்சா?” என்று கேட்கும். எல்லாவற்றையும் கணினியிடம் கொடுத்தவள், பார்க்கிற வேலையை மட்டும் மனிதருக்கு விட்டுவைத்தாள்.

4

இன்று காலை தெரேசாவின் கணினியில் அதைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“அங்கிள், நீங்க அமுக்குங்க. இங்க ஒண்ணுமே தெரியாத ஆளு நீங்கதான்.”

பெருமையோடு போய் அமுக்கினேன். நோயாளிகளின் பட்டியலைக் காணோம் என்றது திரை. அவளுடைய மடிக்கணினியில் ஒருமுறைகூடத் தவறாதது, இங்கே தொடங்கவே இல்லை. பட்டியல் இருக்கும் இடமாகத் தன் மடிக்கணினியின் முகவரியையே உள்ளே எழுதி வைத்திருக்கிறாள். பிரமிளா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு வயிறு மேசையில் இடிக்காமல் நகர்ந்து உட்கார்ந்து, என் வடையைத் தின்றுகொண்டே, செயலி தன் பக்கத்திலேயே பட்டியலைத் தேடும்படி மாற்றினாள்.

இந்தக் கதையின் முதல் பிரதியிலும் அதே பிழை இருந்தது. லெட்சுமிக்கு என்ன நோய் என்று நான் சொல்லவே இல்லை. எனக்குத் தெரியுமே! என் தலைக்குள் மட்டும் ஓடிய கதை அது. முதல் பகுதியைப் பிரமிளாவைப் பார்த்துத்தான் திருத்தினேன்.

5

மதியம் மூன்றாம் மெஷின் நிஜமாகவே நின்றுபோனது. லெட்சுமியின் மெஷின். நல்லவேளை, அவள் முடித்து எழுந்த பிறகு. மாற்றிப் போட வேண்டிய சாமான் வர நாளாகுமாம். அடுத்த முறை அவளுக்கு வேறு மெஷின் கிடைத்தாக வேண்டும்.

பிரமிளாவின் கை மவுஸுக்குப் போனது. தெரேசா தட்டிவிட்டார்.

“கைய எடு பிரமி. நாளைக்கு நீ இருக்க மாட்டலா. நானே பாக்கறேன்.”

அவர் பொத்தானை அமுக்கினார். பட்டியல் வந்தது.

6

முடிவு ஒன்று. செய்திகள் போகவில்லை. கதைக்கு நல்லது. பிரசவ அறையில் போன் அடிக்கும். எழுதிப் பார்த்தேன்: “வேன் வரவில்லை. கால் வீங்கிய லெட்சுமி வாசலில்...”

(இதற்கு மேல் என்னால் முடியாது.)

முடிவு இரண்டு. எல்லாம் போகிறது. ஹஸ்ருல் நேரத்துக்கு வந்து ரோட்டு ஜாமைத் திட்டுகிறான். லெட்சுமி ஏர்கான் குளிர்கிறது என்கிறாள். வேறொன்றும் நடக்கவில்லை. நல்ல வேலை நடந்த இடத்தில் எழுதுகிறவனுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. எனக்கு மிஞ்சவே வேண்டாம். பிரமிளா நிம்மதியாகப் பிள்ளை பெற்று வரட்டும்.

திரை கேட்கிறது: “சிஸ்டர், பாத்தாச்சா?” தெரேசா கண்ணாடியைத் துடைக்கிறார். நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். உங்களுக்கு வேண்டியதெல்லாம் உள்ளே வைத்திருக்கிறேன். லெட்சுமியின் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, நீங்கள் அமுக்குங்கள்.