சீட்டு படிக்கும் இயந்திரம்

விடிகாலை ஐந்து மணிக்கே முதல் சீட்டு வந்துவிடும். இரவெல்லாம் கண்விழித்த டாக்டர்கள் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் கிறுக்கித் தள்ளிய மருந்துச் சீட்டுகள். மருந்துக்கடைக்காரர் அதைப் படம் பிடித்து அனுப்புவார். எங்கள் திரையில் வந்து விழும். மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை என்று முப்பது நொடிக்குள் தட்டி அனுப்ப வேண்டும். கட்டடத்தின் அடித்தளத்தில், வண்டி நிறுத்தும் இடத்தை ஒட்டிய அறையில், நாங்கள் இருபத்திரண்டு பேர். வெளியே வண்டி திரும்பும்போதெல்லாம் சுவர் அதிரும். ஆறு மணிக்குள் மணிக்கட்டு கடுக்கும். எட்டு மணிக்குள் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தும்.

எந்த டாக்டரின் எழுத்தையும் எங்கள் கம்பெனியின் மென்பொருள் தானாகவே படித்துவிடும் என்பது விளம்பரம். பாதிச் சீட்டை அது படிக்கத்தான் செய்தது, பொய் சொல்லக்கூடாது. மீதிப் பாதியைப் படித்தது நாங்கள். யார் படித்தாலும் அடியில் ‘படித்தது: இயந்திரம்’ என்றே விழும். அந்தக் கட்டத்தில் கை வைக்கக்கூடாது என்பது உத்தரவு.

எங்களில் மூத்தவர் கண்ணாடி அக்கா. பதினெட்டு வருஷம் மருந்துக்கடையில் நின்றவர். ஒற்றை அறையில் கம்பெனி தொடங்கியபோது முதல் ஆளாகச் சேர்ந்தார். அவர் படித்துச் சொன்ன சீட்டுகளை வைத்துத்தான் அந்த மென்பொருளுக்கே எழுத்து பழக்கினார்கள். முதலாளிக்கு அவர் மகன் வயது. ‘தம்பி’ என்று அக்கா கூப்பிட, எங்களுக்கும் அவர் தம்பியானார். அந்த நாளில் அவர் எங்களோடு தரையில் உட்கார்ந்து, அக்காவின் டப்பாவில் உரிமையோடு கைபோட்டுச் சாப்பிடுவார்.

போன வருஷம் சந்தை விழுந்தது. பணம் போட வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். முன்பு கம்பெனிக்குப் போட்ட மதிப்பில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது என்று பேச்சு. தம்பி கீழே இறங்கி வந்தார். சம்பளத்தைக் குறைத்துக்கொண்டால் பதிலுக்கு ஆளுக்குக் கொஞ்சம் கம்பெனிப் பங்கு தருவதாகச் சொன்னார். கம்பெனி நிமிர்ந்தால் நாங்களும் நிமிர்வோம் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நாற்பது பக்கத் தாள். நாங்கள் தயங்கினோம். அக்கா முதலில் கையெழுத்துப் போட்டார். அவரைப் பார்த்து நாங்களும் போட்டோம். தன் மணிக்கட்டுக்கு டாக்டர் சொல்லியிருந்த அறுவைச் சிகிச்சையை, பங்குப் பணம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அக்கா தள்ளிப்போட்டார்.

பத்து மாதம் கழித்து, பெரிய கம்பெனி ஒன்று எங்களை வாங்கப்போவதாகச் செய்தி வந்தது. சந்தோஷப்பட்டோம். மௌனி கீழே வரும்வரைதான் அந்தச் சந்தோஷம்.

மௌனி மேல்மாடியில் நிரல் எழுதுகிறவர். பேச்சு குறைவு என்பதால் அந்தப் பெயர். பங்கை நம்பி அவரும் கையெழுத்துப் போட்டவர். தாளை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு வந்திருந்தார். கம்பெனியை விற்றால் பெரிய முதலீட்டாளர்கள் தாங்கள் போட்டதை முதலில் எடுத்துக்கொள்வார்களாம். இந்த விலை அதற்கே சரியாகப் போகும். நம் பங்குக்கு ஒன்றும் மிஞ்சாது என்றார். பிறகு எங்கள் தாளின் முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பினார். கையெழுத்துப் போட்ட அன்றிலிருந்தே நாங்கள் கம்பெனி ஆட்கள் இல்லை; முகம் தெரியாத ஒரு ஒப்பந்தக்காரரின் ஆட்கள். விற்று முடிந்த மறுநாளே எங்களை அனுப்பிவிடலாம். வாங்குகிறவர்கள் காசு கொடுப்பது இயந்திரத்துக்கு. அவர்களுக்கு அடித்தளம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“டாக்டருக்கே புரியாத எழுத்தையெல்லாம் படிச்சேன். அச்சடிச்ச தாளைப் படிக்காம கையெழுத்துப் போட்டேன். என்னைப் பாத்துதானே நீங்களும் போட்டீங்க.”

கடைசி வரிசையில் இருந்த இரட்டைச் சடை வாய் திறந்தாள். “போட்டதைப் பேசி என்னக்கா ஆகப்போவுது? இனி என்ன செய்யறதுன்னு பேசுவோம்.”

வாங்குகிறவர்கள் நேரில் வந்து சோதிக்கும் நாள் குறித்தாயிற்று. அன்று கதவைச் சாத்திக்கொண்டு சத்தமில்லாமல் வேலை செய்யச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து வேலையை நிறுத்தலாம் என்றார்கள் சிலர். அக்கா ஒப்பவில்லை. இருதய மாத்திரைக்காக வரிசையில் நிற்கிறவர் நமக்கு என்ன கெடுதல் செய்தார் என்று கேட்டார். அளவு மாறினால் போவது ஓர் உயிர். இரண்டு நாள் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்.

சோதனை நாளன்று காலை பத்தரைக்கு, ஒரு சீட்டிலும் பிழையில்லாமல் படித்து அனுப்பினோம். அடிக்கட்டத்தை மட்டும் அழித்துவிட்டு எழுதினோம்: ‘படித்தது: மனிதர். அடித்தளம், நான்காம் இருக்கை.’ ‘படித்தது: மனிதர். அடித்தளம், பதினேழாம் இருக்கை.’

மேலே பெரிய திரையில் அது வரிசையாக ஏறியதாம். வந்திருந்த குழுவின் தலைவி, அடித்தளத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டாராம்.

தம்பி மூச்சு வாங்கக் கீழே வந்தார். “என்னக்கா இது? வித்து முடியற நேரத்துல கழுத்தை அறுக்கிறீங்களே.”

“எங்க கழுத்து முப்பத்தோராம் பக்கத்துலயே போயிடுச்சு, தம்பி.”

அவர் முகம் மாறியது. “அது வக்கீல் சேத்தது. நான் முழுசாப் படிக்கல.”

“நானும் படிக்கல. உங்களை நம்பிப் படிக்கல. நீங்க யாரை நம்பிப் படிக்காம விட்டீங்க?”

“இது முறிஞ்சா எல்லாரும் தெருவுலதான். எனக்கும் ஒண்ணும் மிஞ்சாது.”

“உங்களுக்கு மூணு வருஷ வேலையும் தனிப் பணமும் எழுதியிருக்கு” என்று வாசலில் இருந்து குரல் வந்தது. மௌனி.

தம்பி அவர் பக்கம் திரும்பவில்லை. அக்காவின் அருகில் குனிந்து குரலைத் தாழ்த்தினார். “உங்களை மட்டும் நான் விடமாட்டேன்க்கா. மேல ஒரு இடம் இருக்கு.”

“இருபத்திரண்டு இடம் இருக்கா?”

தம்பி நிமிர்ந்தார். அந்தக் கட்டத்தைத் திரையிலிருந்து எடுத்துவிடும்படி மௌனிக்கு உத்தரவிட்டார். முடியாது என்றார் மௌனி. அதோடு நிற்கவில்லை. எங்கள் மேசையிலேயே உட்கார்ந்து எல்லா மருந்துக்கடைகளுக்கும் ஒரு செய்தி அனுப்பினார்: அடுத்த ஒரு மணி நேரம் சீட்டுகள் படிக்கப்படாது; டாக்டரிடம் நேரில் கேட்டு மருந்து கொடுங்கள். அடியில் தன் பெயரைப் போட்டார். அந்தப் பெயருக்கு என்ன நேரும் என்று அவருக்குத் தெரியும்.

பிறகுதான் நாங்கள் விசைப்பலகையிலிருந்து கையெடுத்தோம்.

எங்கள் அட்டைக்கு லிஃப்ட் திறக்காது. வாங்க வந்தவர்களை நேரில் பார்க்க ஐந்து மாடி ஏறினோம். அக்காவுக்கு இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது; அவரோடு எல்லாரும் நின்றோம். கூட்ட அறையில் பன்னிரண்டு நாற்காலிதான். மேல்மாடிக்காரர்கள் எங்களைப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். அப்புறம் இன்னொருவர். சக்கரங்களின் சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. நாற்காலி தந்தவர்கள் சுவரோரமாக எங்களோடு நின்றுகொண்டார்கள்.

விற்பனை நடக்குமா, நாளை வேலை இருக்குமா, எங்களுக்குத் தெரியாது. குழுவின் தலைவி பேனாவை எடுத்தார்.

“யார் பேசப்போறீங்க?”

“எல்லாரும்” என்றார் கண்ணாடி அக்கா. “கொஞ்சம் நேரமாகும். வசதியா உக்காருங்க.”