இறக்கையில் முறுக்கு

லூர்துராஜின் விமானம் விழுந்தால் அதற்கு உலகத்தில் ஒரே ஒரு காரணம்தான் உண்டு. "றெக்கை முறுக்கிருக்கு" என்பான். கண்மாய்க்குள் விமானம் மூக்குக் குத்திக் கிடக்கும். இன்ஜினிலிருந்து விளக்கெண்ணெய்ப் புகை வந்துகொண்டிருக்கும். பக்கத்தில் போய்ப் பார்ப்பதற்கு முன்னால், நின்ற இடத்திலிருந்தே, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிடுவான். அந்த இறக்கையைச் செய்தது அவன் மனைவி இன்னாசியம்மாள் என்பது அங்கே நிற்கிற எல்லாருக்கும் தெரியும். அவள் பெயரை அவன் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லையே.

கேட்கிறபோதெல்லாம் இன்னாசியம்மாளுக்குக் குமட்டும். சின்ன வயதில் மூக்கைப் பிடித்துப் பேதிக்கு ஊற்றிய விளக்கெண்ணெய் அப்படியே தொண்டைக்குத் திரும்பி வரும்.

லூர்துராஜ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மெக்கானிக். வீடு பழங்காநத்தத்தில். எண்பத்து மூன்றாம் வருடக் கிறிஸ்துமஸுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த அவனுடைய அண்ணன், எல்லாரையும்போலச் சட்டைத் துணி கொண்டுவராமல், ஒரு ரேடியோ பெட்டியும், விளக்கெண்ணெய் கலந்த எரிபொருளில் ஓடுகிற கைக்கடக்கமான இன்ஜினும், பஞ்சுக் கனத்தில் பால்சா மரப் பலகைகளும், படம் போட்ட ஒரு குட்டிப் புத்தகமும் கொண்டுவந்து இறக்கினான். பெட்டியில் இரண்டு குச்சிகள் இருந்தன. கீழே நின்று குச்சியை அசைத்தால், கம்பி கிம்பி எதுவும் இல்லாமல், மேலே பறக்கிற விமானம் அதற்குத் தகுந்தபடி திரும்பியது. அன்றிலிருந்து லூர்துராஜுக்குத் தலைகால் புரியவில்லை. ஆகாயத்துக்கே ஏகபோக உரிமை வாங்கிய மிதப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் ஸ்கூட்டரில் கிளம்புவார்கள். பெட்டியையும் விமானத்தின் உடம்பையும் அவன் முன்னால் வைத்துக்கொள்வான். பழைய சேலையில் சுற்றிய ஐந்தடி இறக்கையை மடியில் கிடத்திக்கொண்டு அவள் பின்னால் உட்காருவாள். சோழவந்தான் பக்கம் வற்றிக் கிடந்த ஒரு கண்மாய்தான் அவர்களுக்கு விமான நிலையம். அதைக் காட்டிக் கொடுத்தவன் ஜெயக்கொடி. வெற்றிலை வியாபாரி; கரையை ஒட்டி அவனுக்கு ஒரு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. வாராவாரம் தூக்குவாளியில் டீ கொண்டுவருவான். லூர்துராஜ் சொல்வதற்கெல்லாம் "ஆமாண்ணே" போடுவான். ஒத்து ஊத ஆள் கிடைத்துவிட்டால் நாதஸ்வரம் எப்படி வாசித்தால் என்ன.

லூர்துராஜுக்கு இருந்த ஒரே பித்து ஸ்லோ ரோல். விமானம் நேர்கோட்டில் போகவேண்டும். போய்க்கொண்டே, அவசரமில்லாமல், தன் உடம்பைச் சுற்றித் தானே ஒருமுறை புரளவேண்டும். ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. புத்தகத்தில் எட்டுப் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். இதில் ஒரே ஒரு சூட்சுமம்தான். சாதாரணமாக மூக்கு தாழ்ந்தால் குச்சியைத் தன் பக்கம் இழுக்கவேண்டும், விமானம் மேலே ஏறும். ஆனால் புரளும்போது வயிறு வானத்தைப் பார்க்கிற நேரத்தில் எல்லாம் தலைகீழ். அப்போது குச்சியை வெளியே தள்ளவேண்டும். பயந்த கை இழுக்கத்தான் பார்க்கும். இழுத்தால் விமானம் தரைக்குள் போய்விடும்.

அடுத்த மே மாதத்தில் முதலாவது விமானம் அப்படித்தான் போனது. "றெக்கை முறுக்கிருக்கு" என்றான். அவள் அதை நம்பினாள். அதுதான் பின்னால் நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை. பசுமலையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடமாகத் தையல் டீச்சர். அவள் வெட்டிய துணி அரை நூல் கோணியது என்று யாரும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவள் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்காமல், எங்கே பிசகினோம், எங்கே பிசகினோம் என்று யோசித்துக் கிடந்தாள். மறுவாரமே உட்கார்ந்து வேறு இறக்கை ஒட்டினாள்.

இரண்டாவது விழுந்தது ஆடியில். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த மகராசன் காற்றின் மேல்கூடப் பழியைப் போடவில்லை. இறக்கைதான். ஆனால் அந்தத் தடவை இன்னாசியம்மாள் விமானத்தைப் பார்க்கவில்லை, அவன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விமானம் தலைகீழாகித் தாழ்ந்தது. கட்டைவிரல் குச்சியை வெடுக்கென்று இழுத்தது. அவ்வளவுதான் விஷயம். அவள் கண்ணால் பார்த்தாள். பார்த்த பிறகும் அவன் அதையே சொன்னான். ஜெயக்கொடியும் "ஆமாண்ணே" என்றான்.

அதோடு விட்டானா. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது, நாலு பேர் விமானத்தைப் பற்றி விசாரித்தார்கள். "வீட்ல ஒட்டுனது, லேசா முறுக்கிருச்சு" என்று பெரிய மனசு பண்ணிச் சிரித்தான். அவள் தைத்த ரவிக்கையைப் போட்டிருந்த பெண்களே அவளைப் பார்த்துப் பாவம் என்பதுபோல் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்த ஆளோடு ஒரே தட்டில் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டோமே என்றிருந்தது.

மூன்றாவது இறக்கையை அவள் ஒரு வைராக்கியத்தில் செய்தாள். இறக்கைக்குள் விலா எலும்பாக நிற்கிற துண்டுகள் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி, உப்புத்தாளால் ஒரே அளவுக்குத் தேய்த்தாள். மேலே போர்த்துகிற மெல்லிய பட்டுத் துணியை நூல் ஓடுகிற வாக்கில் இழுத்து ஒட்டினாள். அதன்மேல் பூசுகிற திரவம் காயும்போது துணியைச் சுருக்கி இறக்கையையே வளைத்துவிடும். அதனால் பள்ளிக்கூடத்துக் கரி இஸ்திரிப்பெட்டிகள் நாலைக் கொண்டுவந்து பாரம் வைத்து, இரண்டு நாள் வெட்டுமேஜையில் அசையாமல் கிடத்தினாள். கடைசியில் முனைக்கு முனை நூல் பிடித்துப் பார்த்தாள். பிறகு அவனைக் கூப்பிட்டாள்.

"பாத்துச் சொல்லுங்க. இப்பவே சொல்லிருங்க."

அவன் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு."

"நல்லாத்தான்னா?"

"நேரா இருக்குத்தா, போதுமா."

விமானத்தைப் பறக்கவிடுவது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். தன் விமானம் வானத்தில் நிற்பதைப் போட்டோ பிடிக்கவேண்டும் என்று அவனுக்கு ஓர் ஆசை. அப்போது பெட்டியை யாராவது பிடிக்கவேண்டுமே. அதற்காக வட்டம் போடவும் இறக்கவும் அவனே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். ஆகஸ்டு கடைசியில் ஒருநாள், அவன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அவள் விமானத்தைப் பருந்து பறக்கிற உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு போய் ஒரு ரோல் போட்டாள். சாக்கடையில் புரளும் பன்றிக்குக்கூட அதைவிட ஒழுங்கு உண்டு. ஆனால் உயரம் இருந்ததால் விமானம் பிழைத்தது.

அதற்கப்புறம் வீட்டில் ஒரு மரப்பெட்டியில் இரண்டு பென்சிலைச் செருகி வைத்துக்கொண்டு பழகினாள். உலை கொதிக்கும்போது பழகினாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் காஜா எடுக்கும்போது மேஜைக்கு அடியில் கட்டைவிரலை அசைத்துப் பழகினாள். இறக்கை செங்குத்தாக நிற்கும்போது ஓரம், வயிறு மேலே வந்ததும் தள்ளு, மறுபடி ஓரம், சமனானதும் விடு. ஓரம், தள்ளு, ஓரம், விடு. ஓரம், தள்ளு, ஓரம், விடு. நாலாவது ஞாயிறு, அதே உயரத்தில், இடியாப்பப் பிடியைப் பதறாமல் திருகுவதுபோல, விமானம் நேர்கோட்டில் போய்க்கொண்டே மெதுவாக ஒரு புரளல் புரண்டு சமனுக்கு வந்தது. மூக்கு தாழவே இல்லை.

லூர்துராஜ் அதைப் பார்த்தான். டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

"மேல யாரு வேணாலும் போடலாம். அம்புட்டு ஒசரத்துல முறுக்கு எங்கிட்டுத் தெரியும்? பனை ஒசரத்துக்கு எறங்கிப் போட்டாத்தான் றெக்கையோட லட்சணம் தெரியும்."

"கீழ போட்டா ஒத்துக்கிருவீங்களா?" என்றாள்.

"எத?"

"றெக்கையில கோளாறு இல்லைன்னு. ரெண்டு தடவையும் விழுந்தது உங்க கையாலதான்னு."

ஜெயக்கொடி சிரித்தான். "அண்ணே, மதினி கேட்டுட்டாக. சரின்னு சொல்லுங்க."

"போடட்டும், பாப்போம்" என்றான் லூர்துராஜ்.

அடுத்த ஞாயிறு ஜெயக்கொடி தன் கொடிக்காலில் வேலை பார்க்கிறவர்களையெல்லாம் கரைக்குக் கூட்டி வந்திருந்தான். பத்துப் பதினைந்து பேர். வெற்றிலை கிள்ளுகிற ராக்கம்மாள் முந்தானையை விரித்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இலை அசையவில்லை. சாட்சிக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

இன்னாசியம்மாள் மேலே ஒரு ரோல் போட்டாள். அப்பழுக்கில்லை. பிறகு விமானத்தைத் தூரத்தில் திருப்பி, பனை உயரத்துக்கு இறக்கி, அவர்களுக்கு எதிரே நேராகக் கொண்டுவந்தாள். குச்சியை லேசாகச் சாய்த்தாள். விமானம் புரளத் தொடங்கியது. ஓரம். இறக்கை கத்திபோல் நிமிர்ந்து நின்றது. வயிறு வானத்தைப் பார்த்தது. தள்ளு. தள்ளவேண்டிய அந்த இடத்தில் தரை மிக அருகில் தெரிந்தது. மூக்கு ஒரு முழம் தாழ்ந்தது. ஐந்து வாரம் பழக்கிய கட்டைவிரல் அவளைக் கேட்காமலே குச்சியை இழுத்தது.

சத்தம் பெரிதாக இல்லை. உடம்பு நொறுங்கியது. வால் தனியாகப் போனது. கட்டியிருந்த ரப்பர் வளையங்கள் அறுந்து, இறக்கை மட்டும் கழன்று பத்தடி தள்ளி, ஒரு கீறல்கூட இல்லாமல், கரம்பை மண்ணில் போய் மல்லாந்தது. விளக்கெண்ணெய் வாடை கரைவரைக்கும் வந்தது.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். என்ன நடந்தது என்பதில் அவளுக்குத் துளி சந்தேகம் இல்லை. இழுத்துவிட்டேன், என் கைதான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அத்தனை முகங்களும் காத்துக்கொண்டிருந்தன. யாரோ ஓர் ஆள் பின்னால் சிரிப்பை அடக்கினான்.

"றெக்கை லேசா முறுக்கிருக்கு போல" என்றாள்.

சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. லூர்துராஜ் ஒரு கணம் அவளைத் திரும்பிப் பார்த்தான். கேலி செய்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் முகத்தில் கேலி இல்லை. பஸ்ஸில் தெரிந்த ஆளைப் பார்த்துவிட்டவனுடைய நிம்மதி இருந்தது.

"அதத்தான நான் அன்னைல இருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றான்.

ஜெயக்கொடி ஓடிப்போய் இறக்கையை எடுத்தான். ஒரு கண்ணை மூடி, நுனியிலிருந்து நுனிவரை நோட்டம் விட்டான். "ஆமா மதினி, இந்தப் பக்கம் லேசாத் தூக்கித்தான் இருக்கு." அதை ராக்கம்மாளிடம் நீட்டினான். அவளும் ஒரு கண்ணை மூடினாள். "கோணத்தான் செய்யிது" என்றாள். வரிசையாக ஆளுக்கு ஆள் வாங்கிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் முறுக்கு தெரிந்தது. நூல் பிடித்துச் செய்த இறக்கை கைமாறிக் கைமாறிப் போவதை இன்னாசியம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்கள்மேல் வந்த அருவருப்பு பாதிவழியில் திரும்பி அவள்மேலேயே விழுந்தது.

திரும்பி வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. லூர்துராஜ் ஸ்கூட்டரை அணைத்தான். அவள் மடியிலிருந்த சேலைச் சுற்றை விலக்கி இறக்கையை ஒருமுறை பார்த்தாள். வகிடு எடுத்ததுபோல் நேராக இருந்தது. இன்னொருமுறை பார்க்கவேண்டிய அவசியம் இல்லை.

"றெக்கை நேராத்தான் இருக்கு" என்றாள் அவன் முதுகைப் பார்த்து. "நான்தான் இழுத்துட்டேன்."

"தெரியும்" என்றான் அவன், திரும்பாமலே.

"என்ன தெரியும்?"

"நீ இழுத்தது. ஒங்கையத்தான பாத்துக்கிட்டிருந்தேன். நீ ஒட்டுன றெக்கை என்னைக்குக் கோணிருக்கு?"

அவள் சேலையை இறக்கைமேல் இழுத்து மூடினாள். "அப்ப மே மாசம்? ஆடியில?"

"அதெல்லாம் என் கைதான்."

"தெரிஞ்சா அப்படிச் சொன்னீங்க? கோயில் வாசல்ல வச்சு?"

அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டான். குரலில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை.

"நாலு பேரு நின்னு மொகத்தப் பாக்கையில வேற என்னத்தச் சொல்ல? இன்னைக்கு நீ என்ன சொன்ன?"

ரயில் வந்தது. கூட்ஸ் வண்டி, பெட்டிகள் முடியவே இல்லை. இன்னாசியம்மாள் விரல்களை முகர்ந்து பார்த்தாள். விளக்கெண்ணெய். முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். வாடை போகவில்லை. அடுத்த ஞாயிறு அதே கரையில், ராக்கம்மாள் முதற்கொண்டு அத்தனை பேர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தாள். கேட் திறந்து வண்டி தண்டவாளத்தைத் தாண்டுவதற்குள், தான் சொல்லமாட்டோம் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.