ஆம்ஸ்டர்டாமில் போட்ட முடிச்சு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது லண்டன் பிளேஸ்டோவில், டொலறஸ் அக்கா வீட்டுச் சமையலறையில், யாரும் கேட்காமலே நான் வாயைத் திறந்ததால்.

1991இல் அக்காவும் கணவர் கஸ்பரும் ஆம்ஸ்டர்டாமிலிருந்து லண்டனுக்கு வந்தார்கள். லொறியில் ஏறுமுன், உயிரோடு சேர்ந்தால் இலங்கையிலுள்ள மடுமாதா கோயிலுக்கு என்று நேர்ந்து, கஸ்பர் ஏதோ டச்சுக் காசைக் கைக்குட்டையில் முடிந்தார். அவர்கள் வீட்டு வழக்கப்படி நேர்ந்த காசை மாற்றக்கூடாது. கோயிலுக்குப் போகும்வரை முடிச்சையும் அவிழ்க்கக்கூடாது. 2002இல் யூரோ வந்தது. அதுவரை போரால் போகமுடியாத அக்கா, காசு செத்துவிட்டது என்று நினைத்து, அதன்பின்னும் மடுவுக்குப் போகவே இல்லை.

இப்போது மகள் றூபினி மடு ஆவணித் திருவிழாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள்.

"செத்த காசை மாதாவுக்கு எப்பிடிக் குடுக்கிறது? நான் போகமாட்டன்."

"அக்கா, அது சாகலை!" என்றேன். (நான் தமிழ்நாட்டுக்காரன், றூபினியோடு வேலை செய்பவன். பழைய நாணயம் என்றால் பைத்தியம்.)

2

முதல் தொடக்கம்: 'பதினான்காம் நூற்றாண்டில் ஒரு பொன் நாணயம்…' வேண்டாம். நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

இரண்டாவது: பழைய டச்சுக் காசின் பெயர் கில்டர்; கில்டர் என்றால் பொன்னாலானது. பின்னாளில் அதை வெள்ளியில் அடித்தார்கள், பெயர் மட்டும் பொன்னாகவே இருந்தது! ஒரு கில்டருக்கு இருபது ஸ்டைவர், ஒரு ஸ்டைவருக்கு எட்டு டொயிட். அந்தச் செப்பு டொயிட் கப்பலேறி யாழ்ப்பாணம்வரை வந்தது. (நம் 'துட்டு' அதிலிருந்து வந்தது என்கிறது அகராதி. இதற்கே தனிக்கதை எழுதலாம். அடக்கிக்கொள்கிறேன்.) பிறகு நூறு சென்ட் கணக்கு, பிறகு யூரோ.

இங்கேதான் கவனியுங்கள். நாணயங்களை மாற்றும் கெடு 2007 தொடக்கத்தோடு முடிந்தது. ஆனால் கடைசி வரிசை நோட்டுகளை நெதர்லாந்து மத்திய வங்கி 2031 முடியும்வரை வாங்கிக்கொள்ளும்! ஐம்பது கில்டரில் பெரிய சூரியகாந்திப் பூ, இருநூற்றைம்பதில் கலங்கரை விளக்கம். எவ்வளவு அழகான பொறுமை!

3

ஆக, கேள்வி ஒன்றுதான்: முடிச்சுக்குள் இருப்பது நோட்டா, நாணயமா?

"முடிஞ்சது நீங்கள்தானே, சொல்லுங்கோவன்!" என்று அக்கா கஸ்பரிடம் திரும்பினாள்.

"இஞ்சேரப்பா, உயிர் தப்பினாக் காணுமெண்டு நிண்டனான். காசில என்ன படமிருந்ததெண்டு ஆர் பார்த்தது?"

"உங்களுக்கு நேற்றுத் திண்டதே ஞாபகமிராது."

நான் கைக்குட்டையை அழுத்திப் பார்த்தேன். வட்டமாக ஒன்று தட்டுப்பட்டது. அதைச் சுற்றிக் காகிதம்போலவும் ஏதோ சரசரத்தது.

[கஸ்பர்மீது எனக்குச் சந்தேகம். அக்கா பார்க்கும்போது அவர் ஏன் கெட்டிலைப் போடப் போகிறார்? அதில் ஏற்கெனவே தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.]

4

முடிவு அ: சூரியகாந்தி. அக்கா அழுகிறாள். பங்குத்தந்தை நோட்டை ஆம்ஸ்டர்டாம் மத்திய வங்கிக்கு அனுப்பி… இனிப்பு கூடிவிட்டது.

முடிவு ஆ: வெறும் நாணயம், ஏதோ பற்றுச்சீட்டில் சுற்றியது. கஸ்பர் ஒத்துக்கொள்கிறார்: "முடிய வச்சிருந்த நோட்டில உமக்குச் சப்பாத்து வாங்கினனான். வெறுங்காலோட நிண்டனீர்." இது எனக்குப் பிடித்திருக்கிறது. அக்கா அதன்பிறகு மடுவுக்குப் போவாளா என்பதுதான்

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.)

உண்மையில் நடந்தது இது. அக்கா முடிச்சை என் முன்னால் நீட்டினாள்.

"தம்பி, நான் அவிழ்த்தாத்தான் குற்றம். நீங்கள் அவிழுங்கோ."

"அவர் அவிழ்த்தா மாதாவுக்குத் தெரியாதாக்கும்" என்றார் கஸ்பர்.

"நீங்கள் கிட்ட வராதேங்கோ!"

இவ்வளவு நேரம் விளக்கிய எனக்குக் கை வரவில்லை. அவள் பயணத்தைக் காப்பாற்றத்தான் வாயைத் திறந்தேன். இப்போது என் விரலே அதைக் கெடுக்கலாம். முதல் சுற்று மட்டும் இளகியது. அதோடு எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

இனி முடிச்சு உங்கள் கையில். இழுங்கள், அல்லது அப்படியே அக்காவிடம் திருப்பிக் கொடுங்கள். சீக்கிரம். விமானம் செவ்வாய்க்கிழமை.